இடைவேளைக்கு அப்புறம் வேறு உலகம்

படம் பிடித்திருந்தால் ஜனங்கள் டைரக்டரைப் பாராட்டுவார்கள். பிடிக்கவில்லை என்றால் வாசலில் நிற்கிற ஆளைப் பிடிப்பார்கள். தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருக்கும் ஒரு தியேட்டரில் அப்படி வாசலில் நிற்கிற மேனேஜர் நான்தான். பேங்க் கவுன்டர், ஆஸ்பத்திரி ரிசப்ஷன், கஸ்டமர் கேர் என்று எங்கேயாவது உட்கார்ந்து, தான் செய்யாத காரியத்துக்குத் திட்டு வாங்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

போன கோடையில் ஒரு சூப்பர் ஹீரோ படம் வந்தது. பறக்கத் தெரிந்த ஒருவனின் தம்பி விபத்தில் செத்துப்போகிறான். அண்ணன் காலத்தில் பின்னோக்கிப் போய் அந்த விபத்தைத் தடுக்கிறான். தடுத்ததும் உலகம் இரண்டாகக் கிளைத்துவிடுகிறது. ஒன்றில் தம்பி உயிரோடு இருக்கிறான், இன்னொன்றில் இல்லை. அதற்குப் பிறகு எத்தனை கிளை என்று எனக்கும் தெரியாது. அந்தப் படம் ஓடிய நாட்களில்தான் இந்த வேலையை விட்டுவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன்.

பாப்கார்ன் பக்கத்தில் பாடம்

முதல் நாள் இடைவேளையில், குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பெரியவர் நேராக என்னிடம் வந்து, இப்போது எந்த உலகம் நடக்கிறது என்று கேட்டார். தியேட்டரில் வேலை செய்கிறவர்கள் எந்தப் படத்தையும் முழுசாகப் பார்ப்பதில்லை. ஏசி ஓடுகிறதா, சீட்டில் சண்டையா என்று எட்டிப் பார்க்கும்போது கண்ணில் படுவதுதான். அந்தத் துண்டுகளை ஒட்டவைத்து அவருக்கு ஒரு மாதிரி சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த இன்னொருவர் அப்படி இல்லை என்றார். அவர் மனைவி இரண்டுமே இல்லை என்றார். பாப்கார்ன் கவுன்டர் பக்கத்தில் சின்னக் கூட்டமே கூடிவிட்டது. மணி அடித்தும் யாரும் உள்ளே போகவில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

கதவில் டிக்கெட் பார்க்கும் டில்லி அண்ணன் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இன்னாத்துக்கு மேடம் இவ்ளோ பேசிகினு கீற? செத்தவன் கீறானா இல்லியா, அத்த மட்டும் சொல்லி அனுப்பு. ஜனங்களுக்கு அதான் வேணும்."

பின்பாதி முன்னால்

இப்போதெல்லாம் படம் கம்ப்யூட்டரில் வருகிறது. முன்பாதி ஒன்று, பின்பாதி ஒன்று என்று இரண்டாக வரும். ஆபரேட்டர் அதை வரிசைப்படுத்தி ஓட்டுவார். சனிக்கிழமை மதியம் எங்கள் ஆபரேட்டர் பிரபு பின்பாதியை முதலில் போட்டுவிட்டார். பொத்தேரி, காட்டாங்குளத்தூர் பக்கத்து காலேஜ் பசங்கள்தான் அரங்கம் முழுக்க. ஒருவர்கூட வெளியே வந்து கேட்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்து ஏசி பார்க்க உள்ளே போனேன். இன்னும் சின்னப் பையனாக இருக்க வேண்டிய தம்பி தாடியோடு அழுதுகொண்டிருந்தான். மாடிக்கு ஓடினேன். பிரபு அப்போதுதான் திரையை எட்டிப் பார்த்தார். வேலை போய்விடுமா அக்கா என்று மட்டும்தான் கேட்டார். படத்தை நிறுத்தி, விளக்கைப் போடச் சொல்லி, நானே திரைக்கு முன்னால் போய் நின்று மன்னிப்புக் கேட்டேன். ஆரம்பத்திலிருந்து போடுகிறோம் என்றேன். கூச்சல் கிளம்பும், காசைத் திருப்பிக் கேட்பார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். அரங்கம் அமைதியாக இருந்தது. நடு வரிசையில் ஒரு பையன் மட்டும் எழுந்து, வருத்தத்தோடு சொன்னான்: "ஏன் மேடம் நிறுத்துனீங்க? இப்பதான் கொஞ்சம் புரிய ஆரம்பிச்சுது."

தண்ணி லாரி

மேடவாக்கத்திலிருந்து ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். அவருடைய அப்பார்ட்மென்டில் அவர்தான் செக்ரட்டரி. இடைவேளை முடிந்து மனைவி உள்ளே போனதும் இவருக்கு போன் வந்தது. தண்ணி லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது யாருடைய காரையோ இடித்துவிட்டதாம். லாரிக்காரர், கார்க்காரர், வாட்ச்மேன் என்று ஒவ்வொருவராக லைனில் வர, பின்பாதி முழுக்க லாபியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடியே பேசித் தீர்த்தார். அவர் போனை வைக்கவும், படம் முடிந்து கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

அடுத்த ஷோவில் பின்பாதியை மட்டும் பார்க்க விடுங்கள் என்று என்னிடம் கெஞ்சினார். ஹவுஸ்ஃபுல், முடியாது என்றேன். அப்படியானால் நடந்ததையாவது சொல்லுங்கள் என்றார். அதற்குள் வெளியே வந்துவிட்ட மனைவி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்க போன் பேசப் போனப்ப உலகம் அழிஞ்சுது. இப்ப பழையபடி இருக்கு. தண்ணி இறக்கிட்டாங்களா, அதச் சொல்லுங்க."

பெஞ்சில் ஒரு சார்

கூட்டம் குறைந்த பிறகு, வார நாள் மேட்னிக்கு ஒரு தம்பதி வரத் தொடங்கினார்கள். கிழக்குத் தாம்பரம். அந்தம்மா டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் மட்டும் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போவார். சார் லாபி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். படத்தில், இன்னொரு உலகத்தில் பிழைத்துக்கொண்ட தம்பி வீட்டுக்கு வந்து, பசிக்குது என்று சொல்லிச் சாப்பிட உட்காரும் காட்சி ஒன்று உண்டு. அது முடிந்ததும் அந்தம்மா எழுந்து வந்துவிடுவார். இப்படியே பல தடவை.

காரணத்தை ஒருநாள் சார்தான் சொன்னார். அவர்களுடைய சின்ன மகன் இதே ஜி.எஸ்.டி. ரோட்டில் பைக்கில் வரும்போது அடிபட்டு இறந்துவிட்டான். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்தம்மா அவனுக்கு போன் போட்டு, சாப்பாடு ஆறுகிறது, சீக்கிரம் வா என்று சொல்லியிருக்கிறார். அந்த போனைப் போடாமல் இருந்திருந்தால் என்பதைத் தவிர அதற்குப் பிறகு அவருக்கு வேறு யோசனையே இல்லையாம்.

உள்ளே சீட் காலியாகத்தான் இருக்கிறது, நீங்களும் போய் அவங்க பக்கத்தில் உட்காருங்கள், டிக்கெட் வேண்டாம் என்றேன். சார் தலையாட்டி மறுத்தார். "அவ அந்த உலகத்துக்குப் போயிட்டு வர்றா. திரும்பி வரும்போது இந்த உலகத்துல ஒருத்தர் நிக்கணும் இல்லியாம்மா?" என்றார்.

புதுப் படம்

பெரிய ஹீரோவின் தமிழ்ப் படம் ஒன்று வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. வார நாளில் ஒரே ஒரு மேட்னியை மட்டும் பழைய படத்துக்கு விடலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். மேனேஜர் அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லாததால் ஏன் என்றார். அந்தம்மாவைப் பற்றிச் சொன்னேன். முதலாளி எழுந்து ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார். பிறகு, எல்லா ஷோவும் புதுப் படத்துக்கே என்று டிஸ்ட்ரிபியூட்டரிடம் வாக்குக் கொடுத்தாயிற்று, தன் கையில் எதுவும் இல்லை என்றார். அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

பழைய படத்தைத் தூக்கப்போகிறோம் என்று அந்தத் தம்பதியிடம் முன்கூட்டியே சொல்லிவிட நினைத்தேன். அந்த வாரம் அவர்கள் வரவே இல்லை. அடுத்த திங்கட்கிழமை வந்தார்கள். பேனர் மாறியிருந்ததைச் சார் பார்த்துவிட்டார், அந்தம்மா பார்க்கவில்லை. கவுன்டரில் வழக்கம்போல ஒரு டிக்கெட் கேட்டார். நான் போய், அந்தப் படம் போய்விட்டதும்மா என்றேன். ஆறுதலாக இருக்கட்டும் என்று, சீக்கிரமே போனில் வந்துவிடும், வீட்டிலேயே எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றும் சொல்லிவைத்தேன். அவர் பர்ஸை மூடிக்கொண்டு, என்மேல் கோபம் இல்லாமல், வகுப்பில் தப்பாகப் பதில் சொன்ன பிள்ளையைத் திருத்துவதுபோலச் சொன்னார்: "வீட்டுல பாக்க முடியாதும்மா. அது அவன் வராத வீடு."

உலகம் எத்தனையாகக் கிளைத்தாலும், அத்தனையிலும் படம் முடிந்ததும் கதவைத் திறந்து ஜனங்களை வெயிலுக்கு அனுப்புகிற வேலை மட்டும் எனக்கேதான் விழுந்திருக்கும் என்று தோன்றுகிறது.