ரிலே தேர்ந்தெடுத்த ஆறு மாதம்

ரிலே தேர்ந்தெடுப்பவன் பிழைப்பும் காவல்காரன் பிழைப்பும் ஒன்று: திருடன் வராதவரை "இவனுக்கு எதற்குச் சம்பளம்?" என்பார்கள், வந்துவிட்டால் "எங்கே போயிருந்தாய்?" என்பார்கள். இதே மாதிரி பிழைப்பில் அவதிப்படும் சகோதரர்களுக்குச் சொல்கிறேன், உங்களுக்குத்தான் புரியும்.

மதராசில் படித்துப் பட்டம் வாங்கி மலாய் நாட்டுக்குத் திரும்பிய எனக்கு, காஜா பெராங்கில் மின்சாரப் பலகை செய்யும் பட்டறையில் வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் தானே விழுந்து இணைப்பை வெட்டிவிடுகிற ரிலேயைப் பொறுக்கிக் கொடுப்பதுதான் என் வேலை. பட்டறை முதலாளி காதர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஆறு மாசம் பார்ப்பேன் தம்பி. உன் ரிலே இருந்தும் ஒரு மோட்டார் எரிஞ்சதுன்னா, நீ வீட்டுக்குப் போயிடலாம்."

தாங்கிப் பிடித்த கயிறு

பக்கத்துத் தெங்கேராவில் மிளகாய் அரைக்கும் மில் ராவுத்தருடையது. நான் கொடுத்த ரிலே நாளைக்குப் பத்துத் தடவை விழுகிறது என்று ஆள் அனுப்பினார். உள்ளே நுழைந்ததும் நாங்கள் இருவரும் தும்மினோம். இருவர் என்றால் நானும் எங்கள் வயர்மேன் சுப்பு அபாங்கும். அபாங் என்றால் மலாயில் அண்ணன். அவர் பல தலைமுறைக்கு முன்பே இந்த ஊரில் குடியேறிய செட்டி வம்சம்; தமிழ் வராது, பேச்செல்லாம் மலாயில்தான். அவர் சொல்வதை நான்தான் தமிழாக்கித் தருகிறேன்.

மில்லின் வாயில் மிளகாயை மூட்டையோடு கவிழ்த்தால் மோட்டார் திணறத்தான் செய்யும். ரிலே விழுவது அதனால்தான். அதை விளக்கலாம் என்று பலகையைத் திறந்தால், ரிலே விழவே முடியாதபடி சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. நான் கயிற்றைச் சுட்டிக் காட்டினேன். ராவுத்தர் தும்மாமல் சொன்னார்: "அது பாவம், அடிக்கடி மயக்கம் போட்டு விழுது தம்பி. அதான் தாங்கிப் பிடிக்க ஒரு கட்டுப் போட்டேன்."

சாயக் கூடாத சுவர்

அடுத்தது ரப்பர் ஆலை. சூடேறினால் வளைந்து வெட்டுகிற தகடு வைத்த ரிலேயைப் பட்டறையில் உட்கார்ந்தே, கேட்டலாக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். கணக்கை மூன்று தடவை போட்டேன். மூன்றும் ஒத்துப்போனதில் எனக்கு லேசாகக் கர்வம் கூட வந்தது. ஆனால் தினமும் பகலில் ரிலே விழுந்தது. போய்க் கரண்டை அளந்தால் மோட்டார் ஒரு பாவமும் அறியாதது.

சோர்ந்துபோய், பலகை மாட்டியிருந்த சுவரில் கை வைத்தேன். தோசைக்கல் மாதிரி சுட்டது. அடுத்த பக்கம் ரப்பர் ஷீட்டைப் புகை போடும் அறை! மோட்டாரின் சூட்டுக்கு விழ வேண்டிய ரிலே சுவரின் சூட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. ஆலையில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் என்னை மேலும் கீழும் பார்த்தார்: "பத்து மணிக்கு மேல அந்தச் சுவத்துல நாங்களே சாய மாட்டோம் ஐயா. அதை மட்டும் எப்படிச் சாத்தி வெச்சீங்க?"

ஐஸ் கம்பெனி

சூட்டில் பட்டவன் குளிரில் உஷாராக இருந்தேன். ஐஸ் கம்பெனியின் பலகை, ஐஸ் உறையும் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில். அங்கே தகடு ரிலே தாமதமாகத்தான் விழும் என்று எண்ணெய் ரிலே தேர்ந்தெடுத்தேன். அதில் ஒரு சின்னக் கிண்ணத்து எண்ணெய்க்குள் தண்டு மெல்ல ஏறும்; மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் அதிகக் கரண்டைப் பொறுத்துக்கொள்ளும், விடாமல் இழுத்தால் வெட்டும். எண்ணெய் குறைந்தால் கிளம்பும்போதே விழுந்துவிடும். அதனால், "எண்ணெய் குறைந்தால் ஊற்றவும்" என்று என் கையால் எழுதி ஒட்டினேன்.

ஐந்தாவது மாதம். வேறு வேலையாக அங்கே போயிருந்தபோது ஐஸ் உடைக்கும் யந்திரத்தில் பெரிய கட்டி சிக்கியது. மோட்டார் உறுமியது, நாற்றம் வந்தது, ரிலே அசையவில்லை. நான் மனதுக்குள் கரண்டைக் கணக்குப் போட்டேன். சுப்பு அபாங் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுத்தார். மோட்டார் பிழைத்தது.

கிண்ணத்தைக் கழற்றினால் உள்ளே நெய் மாதிரி வெள்ளையாக உறைந்து, தண்டைக் கவ்விக்கொண்டிருந்தது. "அபாயா இனி?" என்றார் அபாங். இது என்னடா என்று அர்த்தம். ஐஸ் கம்பெனி மேஸ்திரி முனியாண்டி பெருமையாகத் தலையைத் தடவிக்கொண்டார்: "காலையில எண்ணெய் குறைஞ்சிருந்துச்சு சார். உங்க சீட்டைப் பார்த்தேன். கண்ட எண்ணெயை ஊத்துவேனா? என் தலைக்கு வெச்சிருந்த சுத்தமான தேங்காய் எண்ணெய்!"

முதலாளி முன்னால்

"யார் தப்பு?" என்றார் காதர் முதலாளி. முனியாண்டியைக் காட்டிவிடலாம், அவரே ஒப்புக்கொள்வார். அபாங் கண்ணால் அதைத்தான் சொன்னார். ஆனால் எந்த எண்ணெய் என்று நான் எழுதவில்லையே. "என் தப்பு, முதலாளி" என்றேன். ஊரெல்லாம் 'என் மகன் இஞ்சினியர்' என்று சொல்லி வைத்திருக்கும் அப்பாவின் முகம் கண்ணில் வந்தது. பையில் என் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன், கிளம்ப வசதியாக.

முதலாளி அந்தப் பேனாவைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ரிலே ஒரு தடவை விழுந்தா தூக்கி எறிஞ்சிடுவோமா? பொத்தானை அழுத்தி மறுபடி ஓட விடுவோம். உன் ஆறு மாசம் இன்னையிலிருந்து திரும்ப ஆரம்பம். போ, அந்தச் சீட்டைக் கிழிச்சிட்டு வேற எழுது."

எவ்வளவு தாங்கும் என்று எழுதி ஒவ்வொரு மோட்டாரின் வயிற்றிலும் தகடு அடித்து அனுப்புகிறார்கள். பட்டதாரியை மட்டும் ஏனோ தகடு அடிக்காமலே காலேஜை விட்டு அனுப்பிவிடுகிறார்கள், சகோதரர்களே.