லத்தி அள்ளும் ஆள்

போன மாதம் மண்டபத்தில் நான் செய்த குட்டி ரயில் நிலைய மாதிரியைக் காட்சிக்கு வைத்தபோது, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் செல்வராசா மாஸ்டர் எல்லோர் முன்னாலும் கேட்டார்:

“வாசல்ல மூண்டு குதிரை வண்டி நிக்குது, றோட்டில ஒரு துளி லத்தி இல்லையே கா. உங்கட குதிரையெல்லாம் கந்தசஷ்டி விரதமோ?”

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய எனக்குத் தெரியும்?

அவர் சொன்னது சரி. அதுதான் அதிகம் வலித்தது.

தேயிலைத் தூளைப் பசையில் உருட்டி, ஊசி முனையால் குதிரைகளின் பின்னால் சாணம் போல வைத்தேன். அதை அள்ள ஓர் ஆள் வேண்டும் அல்லவா? விரல் நகத்தளவில் ஒருவரைச் செய்தேன். வழுக்கைத் தலை, தொப்பை, இடுப்பில் கட்டம் போட்ட சாரம், கக்கத்தில் குடை. தலை பளபளக்க மூன்று முறை வார்னிஷ் பூசினேன். இது அற்பத்தனமோ என்று ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் சந்தேகம் வந்தது. பூசுவதை நிறுத்தவில்லை.

இன்று மாஸ்டர் என் வீட்டுக்கே வந்து, பூதக்கண்ணாடியோடு நிலையத்தின் மேல் குனிந்தார்.

“இஞ்ச பாருங்க, லத்தி அள்ளுற ஆள்! உயிரோட நிக்கிற மாதிரி கா. ஆரைப் பாத்துச் செஞ்சநீங்க?”

“சும்மா, மனசில இருந்த ஆள், மாஸ்டர்.”

போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். இப்போது பேஸ்புக்கில் பார்த்தால், அந்த ஆளையே தன் முகப்புப் படமாகப் போட்டிருக்கிறார்.

அவர் என் நட்பில் இல்லை; உங்களில் பலருடைய நட்பில் இருக்கிறார். போய் ஒரு லைக் போடுங்கள். “மாஸ்டர், உங்களைப் போலவே இருக்கிறது” என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். ஒரு வாரமாவது அள்ளட்டும்.