அத்தைக்குப் போட்ட ஊசி

பக்கவிளைவுகள் பற்றிய பாடத்தை என் மாணவர்களுக்கு ஒரு திருகிய கழுத்திலிருந்துதான் தொடங்குவேன். இரண்டாம் ஆண்டு மருத்துவப் பிள்ளைகள். மருந்துகளின் நீண்ட பெயர்களைப் பார்த்தே மிரண்டு போயிருப்பார்கள். கழுத்தைச் சொன்னால் மறக்க மாட்டார்கள். அது என் அத்தையின் கழுத்து என்பதை மட்டும் வகுப்பில் சொல்வதில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. மலேசியாவில், ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், எங்களோடுதான் இருந்தார். காலையில் எனக்குத் தலை பின்னி ரிப்பன் கட்டுவதும், அப்பாவின் கோபத்திலிருந்து என்னைக் காப்பாற்றுவதும் அவர் பொறுப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பரிசம் போட வருவதாக இருந்தது. மாப்பிள்ளை புந்தோங்கில் மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை பார்த்தார். வரும்போதெல்லாம் எனக்கு மிட்டாய் வாங்கி வருவார். அதனால் மிகவும் நல்லவர் என்பது என் முடிவு.

அந்த வாரம் எது ஒத்துக்கொள்ளவில்லையோ, அத்தைக்கு வாந்தி நிற்கவில்லை. தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரஸ்ஸர் ஒரு காகித உறையில் மாத்திரை கொடுத்து, வேளைக்கு ஒன்று என்று சொன்னார். அத்தைக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

"ஞாயித்துக்கிழமை அவுங்க முன்னால வாந்தியா எடுக்கச் சொல்றீங்க? வெரசா நிக்கணும்லா," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வேளைக்கு இரண்டாக விழுங்கினார். வாந்தி நின்றது.

மறுநாள் பிற்பகல், துணி மடித்துக்கொண்டிருந்தவரின் கழுத்து வலப்பக்கம் திரும்பியது. திரும்பியது திரும்பியபடியே நின்றுவிட்டது. கண்கள் மேலேறிக் கூரையில் குத்தி நின்றன. நாக்கு தானாக வெளியே நீண்டது. பேச முயன்றார், வெறும் சத்தம்தான் வந்தது. கட்டிலில் படுக்க வைத்தார்கள்.

லயமே எங்கள் வீட்டில் கூடியது. "முனியாண்டி எறங்கியிருக்காரு. தலைய விரிச்சிப் போட்டுக்கிட்டு இந்தப் புள்ள கோயில் பக்கமா போச்சு, நான் பாத்தேன்," என்றார் பக்கத்து வீட்டு அக்கா. விபூதி வந்தது, எலுமிச்சம்பழம் வந்தது. வந்த சாமியை வீணாக்க வேண்டாம் என்று ஒரு பெண் குறியும் கேட்டுவிட்டார்.

"சாமி, எம் மவனுக்கு சிங்கப்பூருல வேல கெடைக்குமா?"

அத்தையின் கழுத்து இன்னும் கொஞ்சம் இழுத்தது.

"பாத்தியா, தெக்கால திரும்புறாரு. கெடைக்கும்."

"கோலாலம்பூரும் தெக்கதான் அக்கா. எந்த ஊருன்னு நல்லாக் கேளு."

அத்தையின் கண்ணோரத்தில் நீர் வழிந்தது. சாமி வந்தால் அப்படித்தான் என்றார்கள்.

செய்தி எப்படியோ புந்தோங் போய்ச் சேர்ந்து, மாப்பிள்ளை தன் அம்மாவோடு வந்து நின்றார். அந்த அம்மாள் கட்டிலை ஒருமுறைதான் பார்த்தார். "பைத்தியத்த மறைச்சு எங்க தலையில கட்டப் பாத்தீங்களா, தம்பி?" என்று அப்பாவைக் கேட்டார்.

மாப்பிள்ளை கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி, "ரம்புத்தானுக்குக் கொண்டு போயிருங்க மச்சான். இதக் கட்டிக்கிட்டு நான் எப்படிக் காலந்தள்ளுறது?" என்றார். தஞ்சோங் ரம்புத்தான் என்பது எங்களுக்கு ஓர் ஊரின் பெயரே அல்ல, மனநோயாளிகளின் ஆஸ்பத்திரிதான். போகும்போது வழக்கம்போல என் கையில் மிட்டாயை வைத்தார். என் முடிவில் மாற்றமில்லை.

அம்மாதான் முதலில் ஈப்போ டவுனுக்குப் போகலாம் என்று பிடிவாதமாக நின்றார். தோட்டத்துக் கடைக்காரரின் வேனில் போனோம். கிளினிக்கில் சீன டாக்டரம்மா அத்தையைப் பார்த்ததும் மலாயில் கேட்டது ஒரே கேள்வி. என்ன மருந்து சாப்பிட்டார்? அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. அம்மா இடுப்பில் செருகியிருந்த காகித உறையை எடுத்து நீட்டினார். டாக்டரம்மா படித்துப் பார்த்துத் தலையாட்டினார். உடனே ஊசி போட்டார்.

இன்று இதை விளக்குவது எனக்கு எளிது. அந்த மாத்திரை மெட்டோக்ளோப்ரமைட். மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளை மறித்து வாந்தியை நிறுத்தும். ஆனால் மருந்துக்கு இடம் பார்த்து வேலை செய்யத் தெரியாது. தசைகளை ஆளும் பகுதியிலும் போய் டோபமினை மறித்தால், அங்கே தராசின் மறுதட்டில் இருக்கும் அசிட்டைல்கோலின் ஓங்கிவிடும், தசைகள் இழுத்துக்கொள்ளும். இளம் வயதும் கூடுதல் அளவும் சேர்ந்தால் ஆபத்து அதிகம். முறிமருந்தான பென்ஸ்ட்ரோபின் அசிட்டைல்கோலினை அடக்கித் தராசைச் சமன் செய்யும். அன்று நான் கண்டது இவ்வளவுதான்: சிறிது நேரத்தில் நாக்கு உள்ளே போனது, கண்கள் இறங்கின, கழுத்து மெல்ல நேரானது. அத்தை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

முறிமருந்துக்கும் பக்கவிளைவு உண்டு என்று டாக்டரம்மா எச்சரித்தார். வாய் உலரும், எழுத்து மங்கலாகத் தெரியும், தூக்கம் வரும். மருந்து இறங்கும்வரை இருக்கும், பயப்பட வேண்டாம் என்றார். நான் கவனமாக மனப்பாடம் செய்துகொண்டேன். கடைசியாக அப்பாவிடம் இன்னொன்றும் சொன்னார். கழுத்து இழுத்திருந்த நேரம் முழுவதும் இவருக்கு நினைவு தெளிவாகத்தான் இருந்தது, பேசியதெல்லாம் காதில் விழுந்திருக்கும், பயந்திருப்பார், ஆறுதலாகப் பேசுங்கள். அப்பா கதவுப்பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். திரும்பி வரும்போது வேனில் எல்லோரும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்கள். எல்லோருக்கும் களைப்பு என்று நினைத்தேன்.

மருந்தின் வேலைதான் என்று கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பரிசத் தட்டுகளோடு வந்துவிட்டார்கள். "மருந்து பண்ணுன கோளாறுக்கு நாம என்ன செய்ய முடியும் தம்பி? ஏதோ பதட்டத்துல பேசிட்டோம்," என்றார் அந்த அம்மாள். "எல்லாரையும் நல்லா பயங்காட்டிருச்சு," என்று மாப்பிள்ளை சிரித்தார்.

அத்தை பட்டுச் சேலை கட்டவில்லை. வீட்டுச் சேலையோடு வந்து எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார். காலித் தட்டை மார்போடு பிடித்துக்கொண்டு, "அண்ணே, எனக்கு இந்த எடம் வேணாம்," என்றார்.

எதற்கெடுத்தாலும் கத்துகிற அப்பா கத்தவில்லை. காலித் தட்டை அத்தையின் கையிலிருந்து வாங்கி வைத்தார். பிறகு வந்தவர்கள் பக்கம் திரும்பி, "டீ குடிச்சிட்டுக் கெளம்புங்க," என்றார்.

எனக்குக் குழப்பமாக இருந்தது. வாய் உலரும், எழுத்து மங்கும், தூக்கம் வரும். கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல வைக்கும் என்று டாக்டரம்மா சொல்லவில்லையே. மறந்திருப்பார். எப்படியும் மருந்து உடம்பிலிருந்து இறங்கிவிடும், இறங்கியதும் அத்தை சரியாகிவிடுவார் என்று, யாரிடமும் சொல்லாமல், பல நாள் பொறுமையாகக் காத்திருந்தேன்.