மஜ்ஜை மாற்றிய வீட்டுக்குக் காவல்

வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவதும் ஒரு உத்தியோகம்தான்; சம்பளம் கிடையாது, கெட்ட பெயர் தாராளமாகக் கிடைக்கும். வீட்டில் நோயாளியை வைத்துக் காத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளின் கடைசியில் மலேசியாவில், கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி நான். என் மனைவி செல்விக்கு ரத்தப் புற்றுநோய். அவள் அண்ணன் எலும்பு மஜ்ஜை கொடுத்தார். கோலாலம்பூரில் அதை ஏற்றி, வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "புது மஜ்ஜை இவங்க உடம்பையே தாக்கலாம். அதைத் தடுக்கத்தான் இந்த மாத்திரை. ஆனா இதைச் சாப்பிடறவரைக்கும் சின்னச் சளிகூட ஆபத்து. கூட்டம், வெயில், அரைவேக்காடு எதுவும் கூடாது."

கெராங்

செல்விக்குச் சிப்பி என்றால் உயிர். அது தெரிந்த லோரி டிரைவர் மாணிக்கம், சுங்கை செம்பிலாங்கிலிருந்து ஒரு வாளி கெராங் சிப்பி கொண்டுவந்தார். வெந்நீரில் லேசாகக் காட்டித் தின்கிற சாமான். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டு, அவர் போனதும் கொல்லையில் குழி தோண்டிக் கொட்டினேன். வாளியை மறந்துவிட்டோமே என்று மனிதர் திரும்பி வந்துவிட்டார். குழியையும் என்னையும் பார்த்தார்.

"வேணாம்னு சொல்லியிருக்கலாம்லா. எங்க வீட்டுல தின்னிருப்போம்."

அஞ்சலை

ரப்பர்ப் பாலுக்காக மரம் வெட்டும் அஞ்சலை, வேலை முடிந்த கையோடு செல்வியைப் பார்க்க வந்தது. காட்டிலிருந்து நேராக வந்த உடுப்பு, சேறு படிந்த கால். "அங்கேயே நில்லு, உள்ளே வராதே" என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை என் காதிலேயே எப்படி விழுந்தது என்று உறைத்தது. நோயைப் பற்றி அவசரமாக விளக்கினேன். அஞ்சலை தலையாட்டிக் கேட்டுக்கொண்டது.

"கிராணி வீட்டுங்கள்ல உள்ள விடமாட்டாங்கன்னு தெரியும்ங்க ஐயா. செல்வியம்மா மட்டுந்தான் விடுவாங்க."

மச்சான்

மஜ்ஜை கொடுத்த மச்சான் பத்தாங் காலியிலிருந்து பஸ் மாறி மாறி வந்தார். கேட்டைத் திறக்கும்போதே இருமினார். என் முகம் மாறியதைக் கவனித்து, அடுத்த இருமலை அடக்கப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் நாற்காலியைக் கொண்டுபோய் ரம்புத்தான் மரத்தடியில் போட்டேன். செல்வி மூடிய ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அழுதாள். அண்ணனும் தங்கையும் கையை ஆட்டிக்கொண்டார்கள். தேத்தண்ணீரை நீட்டியபோது என்னால் அவரை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"என் ரத்தம் உள்ள இருக்கு, நான் வெளிய இருக்கேன். பரவால்ல மாப்ள, தங்கச்சி நல்லா இருந்தா போதும்."

செல்வி பிழைத்துக்கொண்டாள், இப்போது கல்யாணம், கருமாதி எங்கே போனாலும் அவளைச் சுற்றி ஒரு கூட்டம் நலம் விசாரிக்கிறது, நான் செருப்புக் கழற்றும் இடத்திலேயே நின்றுகொள்கிறேன்.