ஒருத்தரையாவது அலற வைக்கணும்

ஆர்டிஸ் ஹேகனுக்கு அவள் முகம்தான் பெரிய இடைஞ்சல். உருண்டை முகம், சிரிக்காதபோதும் சிரிப்பதுபோலவே குழிந்து நிற்கும் கன்னங்கள், தலை நிறைய வெள்ளைச் சுருட்டை முடி. ஐயோவாவில் சோள வயல்களுக்கு நடுவே கிடக்கும் அந்தச் சின்ன ஊரின் பள்ளிக்கூடத்தில் அவள் சமையல்காரி. ஊரில் பாதிப் பேர் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். தட்டை நீட்டும் ஒவ்வொரு பிள்ளையிடமும், "இன்னும் கொஞ்சம் போடட்டுமா கண்ணு?" என்று கேட்காமல் அவளால் கரண்டியைக் கீழே வைக்க முடியாது.

அப்பேர்ப்பட்டவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. பேய் வேஷம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் அன்று ஒருத்தரையாவது, ஒரே ஒரு தடவையாவது, நிஜமாகவே அலற வைத்துவிட வேண்டும்.

முயற்சிக்கு ஒன்றும் குறைவில்லை. சூனியக்காரி வேஷம் போட்டு வாசலில் நின்றாள். பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டன. வாயோரம் ரத்தம் வழிய நின்ற வருஷம், தபால்காரர் கைக்குட்டையை எடுத்து நீட்டி, "ஆர்டிஸ், ஜாம் ஒட்டியிருக்கு" என்றார். இன்னொரு வருஷம் கணவன் வெண்டலை நச்சரித்துப் பலகையில் சவப்பெட்டி அடிக்கச் சொல்லி, முகமெல்லாம் மாவு பூசிக்கொண்டு அதற்குள் படுத்துக்கிடந்தாள். பாலர் வகுப்புப் பிள்ளை ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு, குளிருமே என்று தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவள்மேல் போர்த்திவிட்டுப் போனது. அன்றைக்கு ஆர்டிஸ் சவப்பெட்டிக்குள்ளேயே கிடந்து அழுதாள்.

எல்லாவற்றையும்விட அவளை அதிகம் குடைந்தவன் டுவேன், தங்கை நோலாவின் கணவன். விதைச் சோளம் விற்பவன். ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு அவன்தான் தலைவன். எரிகிற கொட்டகைக்குள் நுழைந்து கன்றுக்குட்டியைத் தூக்கி வந்தவன் என்பதால், பயம் என்பதே தன் ரத்தத்தில் கிடையாது என்று அவனுக்கு ஒரு நினைப்பு. ஹேகன் வீட்டு டிராக்டர் கொட்டகையில் வருஷாவருஷம் நடக்கும் ஹாலோவீன் விருந்துக்கு வந்தால், அங்கே நிற்கிற ஒவ்வொரு பேய்ப் பொம்மையின் மூக்கையும் விரலால் தட்டிக்கொண்டே போவான். போன வருஷம் ஆர்டிஸ் பொம்மைகளுக்கு நடுவே பொம்மையாக, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். அவன் நேராக வந்து அவள் மூக்கையும் தட்டினான்.

"என்ன ஆர்டிஸ், சௌக்கியமா? பொம்மைமேல பட்டை வாசம் அடிக்குதே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பள்ளிக்கூடத்தில் சில்லிக் குழம்போடு பட்டை போட்ட சுருள் ரொட்டி கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அந்த வாசம் அவள் தோலிலேயே ஊறிக்கிடந்தது.

இந்த வருஷம் செப்டம்பர் கடைசியில், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேஜையில் டுவேன் மறுபடியும் ஆரம்பித்தான்.

"ஏன் ஆர்டிஸ், இந்த வருஷம் என்ன வேஷம்? முயல்குட்டியா?"

"வந்து பாரு."

"நீ நிஜமாவே பேயா வந்தாக்கூட, உட்காரு ஆர்டிஸ், காபி குடிக்கிறியான்னுதான் கேட்பேன்."

ஆர்டிஸ் தட்டிலிருந்த உருளைக்கிழங்கை முள்கரண்டியால் நறுக்கென்று மசித்தாள். பாத்திரம் கழுவும்போது நோலா பக்கத்தில் வந்து நின்றாள். துடைக்க எடுத்த தட்டைத் துடைக்காமலேயே வைத்திருந்தாள்.

"ஏய், இவனை இந்தத் தடவை சும்மா விடாதடி. வீட்டுல இவன் பீத்துறதைக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு. என்ன வேணும்னு சொல்லு, நான் செய்யறேன்."

"நிஜமாவா?"

"அவனோட பிக்கப் வண்டியை ராத்திரியில பூட்டறதே கிடையாது" என்றாள் நோலா.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் நுரைக் கையோடு கட்டிப்பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, சிறுபெண்களைப் போலக் குதித்தார்கள்.

அக்டோபர் முழுக்க ஆர்டிஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கொட்டகைக்கு ஓடுவாள். கோழிவலைக் கம்பியை வளைத்து உடம்பு செய்வாள். பழைய காலுறையில் வைக்கோலை அடைத்துக் கை செய்வாள். ஊதின பலூன்மேல் மைதாப் பசையில் நனைத்த செய்தித்தாளை ஒட்டித் தலை செய்வாள். மெல்லிய துணியைக் கறுப்புத் தேநீரில் ஊறவைத்துக் கொடியில் காயப்போட்டால், புதைத்துத் தோண்டியெடுத்த சவச்சீலை மாதிரியே சுருங்கி மஞ்சளாகத் தொங்கும். பிளாஸ்டிக் பால் குடுவைகளில் முகம் வரைந்து உள்ளே விளக்கு வைத்தாள். பூசணிகளைக் குடைந்து குடைந்து விரல் நகமெல்லாம் ஆரஞ்சு நிறம்.

வரிசையில் நிற்கும் பொம்மைகள் எல்லாம் கண்துடைப்புக்குத்தான். அசல் வேலை ஒரே ஒரு பொம்மையில் இருந்தது. அவள் உயரம், அவள் இடுப்பு, அவள் சட்டை. தலைக்குத் தரை துடைக்கும் புது மாப்பின் வெள்ளை நூலைச் சுருட்டிச் சுருட்டி ஒட்டினாள். அதை அடுப்புக்கு முன்னால், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நிறுத்திவிட்டால், ஆர்டிஸ் நின்று குழம்பு கிண்டுகிறாள் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஊரே பொம்மைகளுக்கு நடுவே அவளைத் தேடட்டும், அவள் அடுப்படியில் இருப்பதைப் பார்த்து நிம்மதியாகட்டும். அப்போது அவள் இருக்கப்போவது வேறு இடத்தில்.

வெண்டல் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். "அச்சு அசலா நீதான். ஆனா கை அசையலையே? நீ சும்மா நின்னு நான் பார்த்ததே இல்ல."

பழைய டிராக்டரில் கண்ணாடி துடைக்கிற மோட்டாரைக் கழற்றி, ஒரு பேட்டரியோடு இணைத்து, பொம்மையின் தோளில் பொருத்தினான். கரண்டி கட்டிய கை மெதுவாக இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது. ஆர்டிஸ் தன்னையே பார்ப்பதுபோல நின்று பார்த்தாள். கையில் முடி சிலிர்த்தது.

"முகம் வரையலையா?" என்று கேட்டான் வெண்டல்.

"முதுகுதானே தெரியப்போகுது. அதுக்கெல்லாம் நேரமில்ல, நகரு."

விருந்து சனிக்கிழமை சாயங்காலம். பொழுது சாய்வதற்குள் முற்றமெல்லாம் வண்டிகள். எலும்புக்கூடுகளும் பசுமாடுகளும் இளவரசிகளும் சின்னச் சின்ன டிராக்டர்களுமாகப் பிள்ளைகள் இறங்கி ஓடின. கயிற்றில் தொங்கிய டோனட்டைக் கையைக் கட்டிக்கொண்டு கடித்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு கிண்ணத்துக்குள் கைவிட்டு, தோலுரித்த திராட்சையைத் தொட்டு "கண்ணு! கண்ணு!" என்று வீரிட்டார்கள். டுவேன் அதில் இரண்டை எடுத்து வாயில் போட்டு மென்று காட்டினான். பிறகு வழக்கம்போல மூக்கு தட்டும் ஊர்வலம்.

"இது இல்ல... இதுவும் இல்ல... ஆர்டிஸ் எங்கய்யா?"

"இங்கதான் இருக்கேன்" என்றாள் ஆர்டிஸ், குழம்புச் சட்டியோடு அவன் பின்னால் வந்து. "தட்டை நீட்டு."

டுவேன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "வேஷம் எங்க?"

"வயசாச்சு டுவேன். விட்டுட்டேன்."

அதைக் கேட்டு அவனுக்கே கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது.

வெண்டல் மேடையேறி அக்கார்டியனை மாட்டிக்கொண்டான். கூட ஒரு டிரம், பெரிய பித்தளை ஊதுகுழலான டியூபா ஒன்று. வழக்கமாகக் கல்யாணங்களுக்குப் போல்கா என்ற துள்ளல் நடன மெட்டு வாசிக்கிற கோஷ்டி. முதலில் பயங்கரமாக ஏதாவது வாசிக்கலாம் என்று ஒரு மெட்டை இழு இழு என்று இழுத்தார்கள். டியூபா கிணற்றுக்குள் மாடு கத்துவதுபோல முனகியது. கூட்டத்துக்கு அது பத்தவில்லை. "வேகமா! வேகமா!" என்று கைதட்டியது. வெண்டல் அடுப்புப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். ஆர்டிஸ் தலையசைத்தாள். அக்கார்டியன் துள்ளி எழுந்தது. எலும்புக்கூடும் இளவரசியும் கைகோத்துச் சுழன்றார்கள். கொட்டகையின் தகரச் சுவரே அதிர்ந்தது. ஒருத்தரும் அடுப்பைப் பார்க்கவில்லை.

நோலா சோளக்கதிர்க் கட்டுக்குப் பின்னாலிருந்து பொம்மையை அடுப்புக்கு முன்னால் நகர்த்தினாள். ஆர்டிஸ் தன் சமையல் ஏப்ரனைக் கழற்றி அதற்குக் கட்டினாள். மோட்டார் ஓட ஆரம்பித்தது. பின்கதவு திறந்து மூடியது.

வெளியே குளிர் முகத்தில் அறைந்தது. மாட்டுத்தொழுவத்தில் மாட்டி வைத்திருந்த வெண்டலின் அழுக்கு மேலங்கியைப் போட்டுக்கொண்டாள். பட்டை வாசம் போக மூக்கைப் பொத்திக்கொண்டு கழுத்தில் டிராக்டர் எண்ணெயைத் தடவினாள். தேநீர்ச் சீலையைத் தலையோடு சுற்றினாள். டுவேனின் பிக்கப்பில் ஏறி, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். கதவைத் திறந்தால் எரிகிற விளக்கை நோலா காலையிலேயே கழற்றிவிட்டிருந்தாள்.

காத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. நெஞ்சு போல்காவைவிட வேகமாக அடித்தது. சிரிப்பு வேறு முட்டிக்கொண்டு வந்தது. சீலையைப் பல்லால் கடித்து அடக்கினாள். வாரக்கணக்கில் மாடுகளின் முன்னால் பழகிவைத்திருந்த பேய்க்குரல் ஒன்று இருந்தது. அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். தொண்டை வறண்டு ஒன்றுமே வரவில்லை.

உள்ளே நோலா சொல்லிக்கொண்டிருந்தாள்: "நீ போய் வண்டியை எடு. நான் என் பாத்திரத்தை எடுத்துட்டு வர்றேன்."

டுவேன் தொப்பியை மாட்டிக்கொண்டு அடுப்புப் பக்கம் குரல் கொடுத்தான். "குழம்பு பிரமாதம் ஆர்டிஸ்! பயத்துல மட்டும் கொஞ்சம் உப்பு கம்மி!"

அவள் திரும்பாமல் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

"கோபம் போல" என்று சிரித்தபடி வெளியே வந்தான். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினான். சாவியைத் திருப்பினான். முன்பலகையில் பச்சை வெளிச்சம் மங்கலாகப் பரவியது.

பக்கத்திலிருந்து வறண்ட குரல் ஒன்று, காதோடு காதாக, சாவகாசமாகச் சொன்னது:

"பெல்ட்டைப் போடு, டுவேன்."

அந்த அலறலைப் பற்றி ஊரில் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். ரயில் என்று நினைத்தேன் என்றார் ஒருவர். பன்றியை அறுக்கிறார்கள் என்று நினைத்தேன் என்றார் இன்னொருவர். டுவேன் கதவோடு சேர்ந்து வெளியே விழுந்தான். விழும்போது கை ஏதோ பொத்தானில் பட்டு, தீயணைப்புத் தலைவன் என்பதால் வண்டியில் மாட்டியிருந்த சைரன் ஊளையிட ஆரம்பித்தது. எழுந்தான். தொப்பி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். நேரே கொட்டகைக்குள் பாய்ந்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு அடுப்படிக்கு ஓடினான்.

"ஆர்டிஸ்! ஆர்டிஸ்! என் வண்டிக்குள்ள யாரோ இருக்காங்க!"

அவள் தோளைப் பிடித்து இழுத்துத் திருப்பினான்.

முகம் இல்லை. கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. வெள்ளை முடிக்குக் கீழே வெறும் காகிதம். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தலை மெல்லச் சாய்ந்து, கழன்று, கொதிக்கிற குழம்புக்குள் தொபுக்கென்று விழுந்தது. கை மட்டும் நிற்காமல் கிண்டிக்கொண்டே இருந்தது.

இரண்டாவது அலறலில் டுவேன் மட்டும் இல்லை. மொத்தக் கொட்டகையும் சேர்ந்துகொண்டது. டியூபாக்காரர் மேடையிலிருந்து குதித்தார். பெரியவர்கள் பிள்ளைகளுக்குப் பின்னால் ஒளிந்தார்கள். வெண்டல்கூட, தானே மோட்டார் பூட்டிய பொம்மை என்பதை மறந்து, அக்கார்டியனைக் கட்டிக்கொண்டு கத்தினான்.

ஆர்டிஸ் சைரனை நிறுத்தத் தெரியாமல் விட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடிவந்தாள். வாசலில் வந்து நின்றவளைப் பார்த்து ஊரே மூன்றாவது முறை அலறியது. பிறகுதான் சீலையை விலக்கினாள்.

"அட, நான்தாம்ப்பா!"

அப்புறம் கைதட்டலும் சிரிப்புமாகக் கூரை பிய்ந்துகொண்டு போனது. நோலா தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டுவேன் வைக்கோல் கட்டில் சாய்ந்து, வெளுத்துப்போய், மூச்சு வாங்கினான்.

"நெஞ்சு வலிக்குதா டுவேன்?" ஆர்டிஸ் பதறிப்போய் அவன் முன்னால் மண்டியிட்டாள். "தண்ணி கொண்டு வரட்டுமா கண்ணு?"

"கிட்ட வராத!" என்றான் அவன். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தான். "முகம் எங்கடி போச்சு? வண்டிக்குள்ள இருந்ததுகூடப் பரவாயில்ல. அந்த முகத்தை என்ன பண்ணினே?"

"வரைய நேரமில்ல டுவேன். சத்தியமா."

யாரும் நம்பவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் ஆர்டிஸ் வழக்கம்போலக் கரண்டியோடு நின்றாள். முதல் வகுப்புப் பையன் ஒருத்தன் தட்டை நீட்டினான். அவள் நிமிர்ந்து பார்த்ததும் சட்டென்று ஓரடி பின்வாங்கினான். சட்டிக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டான்.

"மிஸ் ஆர்டிஸ்... இன்னிக்கு இதுல தலை ஒண்ணும் இல்லியே?"

ஆர்டிஸ் குனிந்து, அவன் கண்ணை நேராகப் பார்த்து, கரண்டியால் மிக மெதுவாக ஒரு சுற்று கிண்டினாள். பையன் தட்டைப் போட்டுவிட்டு, கத்திக்கொண்டே, ஆனந்தமாக ஓடினான். வரிசையில் நின்ற மற்றதுகள் எல்லாம், "எனக்கும் மிஸ், எனக்கும்!" என்று முண்டியடித்துக்கொண்டு வந்தன.