வேண்டுதல் முடி

எங்கள் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தவருக்கு அப்படி ஒரு தலைமுடி. ஐம்பதைத் தாண்டியும் கருகருவென்று நெற்றிவரை இறங்கி நிற்கும். குத்தகை வழக்கில் நானும் அவரும் எதிரெதிர்க் கட்சி. ஆனால் வாய்தாவுக்குத் தஞ்சாவூர் போக ஊருக்கு ஒரே பஸ்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்று கலைக்கக் கலைக்கச் சீப்பால் வாரிக்கொண்டே வருவார். எனக்கு வயிறு எரியும். நிலத்துக்காக அல்ல, எனக்கு முப்பத்தைந்திலேயே உச்சி வழுக்கை.

ஒருநாள் பஸ்ஸில் நான் வைட்டமின் மாத்திரை விழுங்குவதைப் பார்த்துவிட்டார்.

"உடம்புக்கு என்னங்க?"

"ஒண்ணுமில்ல. முடிக்கு."

"கேக்குதுங்களா?"

மாத்திரை அட்டையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன். டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்: "சத்துக் குறைச்சலால கொட்டினா மாத்திரை கேக்கும். உங்களுக்கு ஒரு குறைச்சலும் இல்ல. இது பரம்பரை." நிலத்தோடு சேர்த்து அப்பா கொடுத்தது. அதை ஒப்புக்கொள்ள மனசில்லாமல்தான் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

தீர்ப்பு அவர் பக்கம் ஆனது. சில நாள் கழித்து, சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு அதே பஸ்ஸில் ஏறினார். வழக்கில் தோற்றவனுக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்கக் கூடாது.

"கேசு ஜெயிச்சா முடி எறக்கறேன்னு வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டிக்கிட்டேங்க" என்றார். பிறகு, என் தலையைப் பார்க்காமல் கேட்டார்: "நீங்க என்னங்க வேண்டிக்கிட்டீங்க?"

கிண்டலா, அக்கறையா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தை அறுப்புக்குள் அவருக்கு முடி முன்னைவிட அடர்த்தியாக வளர்ந்துவிட்டது.