காகிதத்தில் வெட்டிய பாதம்

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி எங்கள் பிளாக் முழுக்கப் பரவ அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எங்கள் தீவின் வடகோடியான செம்பவாங்கில், கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்களுக்காகக் கட்டிய குவார்ட்டர்ஸ் அது. நீளமான ஒரே நடைபாதை, வரிசையாகக் கதவுகள், கோடியில் பொதுக்குழாய். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் ஆறு வீட்டில் தும்முவார்கள். அறுபதுகளின் தொடக்கம். ஹாஸ்டலில் தங்கிப் படிக்க அந்த பிளாக்கிலிருந்து போகும் முதல் பிள்ளை அவள்தான்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தளத்தின் அலுவலகம் ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை. நானும் பள்ளியிறுதித் தேர்வான சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவள்தான். ஆனால் நான் தேறிய வருடம்தான் அப்பா இறந்துபோனார். மேலே படிப்பதைப் பற்றி அம்மா பேசவில்லை, நானும் பேசவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து, இடம் கிடைத்த கடிதத்தை என் கையில் கொடுத்தபோது சந்தோஷத்தோடு வேறு ஏதோ ஒன்றும் வந்தது. அதற்குப் பொறாமை என்றுதான் பெயர். இரண்டு நாள் இருந்தது. பிறகு, அவளுக்கு நல்லதாக ஒரு பரிசு வாங்க வேண்டும் என்ற யோசனை வந்ததும் குறைந்தது.

ஹை ஸ்திரீட்டில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பச்சை நிறப் பவுண்டன் பேனா ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். சம்பளத்திலிருந்து அதற்கென்று தனியாகவும் எடுத்து வைத்தேன்.

அவளுக்கு அம்மா இல்லை. ஒன்பது வயதிலேயே இழந்துவிட்டாள். அப்பா டாக்யார்டில் பெயின்டர். கப்பல்களின் பக்கவாட்டில் எண்களும் எழுத்துகளும் எழுதுகிறவர். அளவுகோல் வைக்காமலே ஆள் உயர எழுத்தை நேராக எழுதுவார் என்று ஆபீஸில்கூடச் சொல்வார்கள். கையில் தூரிகை இல்லாதபோது மட்டும் அவருக்கு எதைப் பற்றியும் நிச்சயம் கிடையாது. ஒரு நாள் சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றார். மகள் குழாயடியில் இருக்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினார்.

"பாப்பாவுக்கு ஏதாச்சும் வாங்கிக் கொடுக்கணும்மா. பெரிய படிப்புக்குப் போவுது. பொம்பளைப் பிள்ளைக்கு என்ன வாங்கறதுன்னு எனக்கு ஒண்ணும் விளங்கல."

அம்மா உள்ளிருந்தே, "தங்கத்துல ஒரு மோதிரம் போடுங்க," என்றாள். அடுத்த நொடியே அவளே மறுத்தாள். "வேணாம், வேணாம். ஹாஸ்டல்ல யார் காவல் காக்கறது?"

அலாரம் கடிகாரம் வாங்கலாம் என்றேன் நான்.

"பாப்பாதாம்மா தினம் என்னை எழுப்புது," என்றார் அவர். "அதுக்கு எதுக்குக் கடிகாரம்?"

ஹாஸ்டலிலிருந்து பட்டியல் ஏதாவது வந்ததா என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். இரண்டு படுக்கை விரிப்பு, கொசுவலை, குவளை. கடைசி வரியில், சோதனைச்சாலைக்கு மூடிய காலணி கட்டாயம் என்று இருந்தது. அவளோ எப்போதும் ஜப்பான் சிலிப்பர் என்கிற ரப்பர்ச் செருப்புதான் போடுவாள்.

"சப்பாத்தா? எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"யார்கிட்டயாவது இரவல் வாங்கிக்கலாம்னு நினைச்சிருக்கும்," என்றாள் அம்மா.

அவர் தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார். "அப்ப சப்பாத்துதான்," என்று முடிவு செய்தார். மகளுக்குத் தெரியக்கூடாது, பரிசென்றால் திடீரென்று கொடுக்க வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார்.

சனிக்கிழமை மூவரும் பஸ் பிடித்து தேக்கா கடைவீதிக்குப் போனோம். அம்மா எனக்குத் துணை. மார்க்கெட் வாசலில் மீன் வாசனை வந்ததும் அம்மா துணையை மறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நானும் அவரும் சிராங்கூன் ரோட்டில் நடந்தோம். நகைக்கடை ஒன்றின் முன்னால் மட்டும் அவர் கால் நின்றது. கண்ணாடிக்குள் சின்னத் தோடு ஒன்றைப் பார்த்தார். கேட்காமலே விலையைப் புரிந்துகொண்டவர்போல நடந்துவிட்டார்.

சப்பாத்துக் கடைக்காரர் நாகூர்ப் பக்கத்து பாய். மடித்த காலோடு முக்காலியில் உட்கார்ந்து பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"காலளவு என்ன?" என்று கேட்டார்.

எனக்குத் திக்கென்றது. அளவு கேட்டு வரவில்லையே! ஆனால் பெயின்டர் மாமா நிதானமாகச் சட்டைக்குள் கைவிட்டு, தமிழ்ப் பேப்பரில் வெட்டிய ஒரு பாதத்தை எடுத்தார். மகள் குளிக்கப் போயிருந்தபோது அவளுடைய சிலிப்பரைப் பேப்பர்மேல் வைத்து பென்சிலால் வரைந்து வெட்டியிருக்கிறார். ஓரம் ஒரு நூல்கூடப் பிசகாத வெட்டு.

பாய் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முப்பது வருஷமா கடை வச்சிருக்கேன். இப்படி ஒரு கால் என் கடைக்கு வந்ததில்ல," என்றார்.

கறுப்புத் தோல், மேலே ஒரு வார், தாழ்ந்த குதி. உறுதியாக இருந்தது, அவர் சக்திக்கும் எட்டியது. பேப்பர்ப் பாதம் உள்ளே அச்சாகப் படிந்தது. வரும் வழியில் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூடியை நாலு தடவை திறந்து பார்த்தார்.

மறுநாள் காலை கொடுத்தார். எங்களையும் கூப்பிட்டார். அவள் பெட்டியைத் திறந்து இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு போட்டுக்கொண்டு நடைபாதையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். எல்லாக் கதவுகளிலும் தலைகள்.

"சரியா இருக்கா பாப்பா?"

"அளவெடுத்து தச்ச மாதிரி இருக்குப்பா."

அவருக்கு அது போதவில்லை. ஹாஸ்டலில் சப்பாத்து மாறிப் போய்விடும் என்று, அன்று மத்தியானமே வெள்ளைப் பெயின்ட் எடுத்து, இரண்டு அடியிலும், தரையில் படாத நடுவளைவில், அவள் பெயரின் முதல் எழுத்தை எழுதிக் காயவைத்தார். கப்பலில் எழுதுகிற அதே எழுத்து. விரல் நீளத்துக்குச் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தபோது குழாயடியில் அவளைப் பார்த்தேன். துணி அலசிக்கொண்டிருந்தாள். குதிகால் இரண்டிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"என்னடி இது?"

"ஒண்ணும் இல்லக்கா. புதுச் சப்பாத்து, பழகிப் பாத்தேன்."

பக்கத்தில் கிடந்த அவளுடைய சிலிப்பரை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். அவள் அதில் கால் நுழைத்தபோது குதிகால் ஒரு விரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த சிலிப்பர் வாங்கி இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தில்தான் அவள் என்னைவிட உயரமாக வளர்ந்தாள்.

"ஏன் மாமாகிட்ட சொல்லல?"

"பிஞ்சு போகலையேக்கா. நல்லாத்தானே இருக்கு. எதுக்கு இன்னொண்ணு?" சட்டென்று என் கையைப் பிடித்தாள். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்கக்கா. அவரு மூஞ்சியைப் பாத்தீங்கல்ல? கடையிலயும் மாத்த மாட்டாங்க, அடியில பெயின்ட் வேற அடிச்சிட்டாரு லா."

அதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அவள் வீட்டில் யாரும் இல்லை. உள்ளே போய் அந்தச் சப்பாத்தை நான் போட்டுப் பார்த்தேன். எனக்கு அச்சாகப் பொருந்தியது. கண்ணாடிக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றேன். பொய் சொல்லக்கூடாது, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு புக்கிட் தீமா மேட்டில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு ஏறிப் போவதுபோல என்னை நானே பார்த்தேன். பிறகு கழற்றினேன். அந்தப் பச்சைப் பேனாவை விட்டுவிடுவது என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன். அது கஷ்டமாகவே இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

மறுநாள் கொசுவலை பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு தேக்காவுக்குப் போனேன். பாய்க்கு என் முகம் நினைவிருந்தது.

"என்ன தங்கச்சி, பேப்பர் ஏதும் கொண்டு வந்திருக்கியா?"

"இந்தத் தடவை காலையே கூட்டிட்டு வந்திருக்கேன் பாய்."

அவர் அவளுடைய காலைப் பார்த்தார், குதிகால் புண்ணைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. அதே மாதிரியில் இரண்டு அளவு பெரியதை எடுத்து, அவளை உட்காரவைத்து, விரல் நுனியில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் வளந்தாலும் தாங்கும்," என்றார். விலையில் கொஞ்சம் குறைத்தும் கொடுத்தார். "அந்தப் பழசு?" என்று கேட்டார். "அது எனக்கு," என்றேன்.

எழுத்துதான் பெரிய பாடாகிவிட்டது. மாமா வேலையிலிருந்து திரும்புவதற்குள் அவருடைய பெயின்ட் டப்பாவைத் திறந்து நாங்கள் இருவரும் மாறி மாறி எழுதினோம். முதல் எழுத்து சாய்ந்தது. மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்தோம். இரண்டாவது வீங்கியது. மூன்றாவதை, இதற்குமேல் வராது என்று விட்டுவிட்டோம். புது ஜோடியை அவள் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். பழைய ஜோடி என் வீட்டுக்கு வந்தது. எனக்கும் அந்த மாதிரி பிடித்துப்போய் வாங்கினேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாவிடம் உண்மையைச் சொன்னால் நடைபாதை முழுக்கச் சொன்னதுபோல.

அந்த வாரக் கடைசியில் பிளாக்கில் எல்லோரும் சேர்ந்து அவளுக்கு ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். ஒரு வீட்டார் கொசுவலை கொடுத்தார்கள், ஒருவர் டார்ச் லைட், மலையாளி வீட்டு அம்மா தானே பூ வேலை செய்த தலையணை உறை. என்னுடைய முறை வந்தது. மூன்று கைக்குட்டை உள்ள பாக்கெட் ஒன்றைக் கொடுத்தேன். கையில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

வீட்டுக்குள் வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "பல்லு முளைக்காத பிள்ளையில இருந்து பாத்துட்டு வர்ற. கைக்குட்டையா கொடுப்ப? தனக்கு மட்டும் புதுச் சப்பாத்து! எனக்கு மானம் போச்சு."

அவள் திட்டட்டும் என்று விட்டுவிட்டேன். அதுதான் அந்தப் பரிசுக்கு நான் கொடுத்த கூடுதல் விலை.

ஞாயிற்றுக்கிழமை அவளை ஹாஸ்டலில் விட, மாமா ஒரு தகரப் பெட்டியையும் நான் படுக்கைச் சுருட்டையும் தூக்கிக்கொண்டு போனோம். பெரிய மரங்கள், ஏற்றமான பாதை. ஆண்கள் வரவேற்பறைக்கு மேல் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் மட்டும் மேலே போய் அவளுக்குக் கொசுவலை கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். கீழே அவர் பெஞ்சில் நுனியில் உட்கார்ந்திருந்தார். "ஜன்னல் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "காத்து வருதா?" வருகிறது என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் முதலில் ஏறினேன். அவர் பின்னால் ஏறினார். உட்கார்ந்து, டிக்கெட் வாங்கி, இரண்டு நிறுத்தம் தாண்டும்வரை அவர் தரையையே பார்த்துக்கொண்டு வந்தார். மகளை விட்டுவிட்டு வருகிற வருத்தம் என்று நினைத்தேன்.

"ஏம்மா," என்றார். "உன் சப்பாத்து அடியில என் எழுத்து இருக்கு."

படி ஏறும்போது பார்த்துவிட்டார். காலை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பாப்பா போட்டிருக்கறதுல இருக்கற எழுத்து என்னுது இல்லன்னு முந்தியே தெரியும். கட்டிலுக்கடியில பெட்டியைத் திறந்து பாத்தேன். கோழி கிறுக்கின மாதிரி இருந்துச்சு. எழுத்து எங்கயோ அழிஞ்சு, பாப்பாவே திருப்பி எழுதிடுச்சு போலன்னு நினைச்சேன்." குனிந்து என் காலைப் பார்த்தார். "பாப்பாவுக்குச் சின்னதா போச்சா?"

"ஆமா மாமா."

"நான் பாத்து வெட்டினேனே."

"சிலிப்பரே சின்னது மாமா. ரெண்டு வருஷமா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரோட்டோரத்தில் ரப்பர் மரங்கள் போய்க்கொண்டிருந்தன. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்தார்.

"கப்பல்ல அரை அங்குலம் பிசகினா எனக்குத் தெரியும்மா," என்றார். "வீட்டுக்குள்ள ரெண்டு வருஷம் தெரியாம இருந்துட்டேன்."

"அவ காட்டலை மாமா. நானும் தினம் பாக்கறவதான். எனக்கும் தெரியல."

இறங்குகிற இடம் வந்தபோது, "உனக்கு இறுக்கலையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப சரி. பாப்பாகிட்ட நான் பாத்ததைச் சொல்லாத. அது மறைச்சதை அது மறைச்சதாவே நினைச்சுக்கட்டும்." வீட்டுக்கு வந்ததும் எங்கள் அம்மாவிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அதன்பிறகு அம்மா கைக்குட்டைப் பேச்சை எடுக்கவே இல்லை. அன்று எனக்கு மீன் தலையை எடுத்து வைத்தாள், அவ்வளவுதான்.

அவள் லண்டனுக்குப் போனதுபோல அந்த வாரம் முழுக்க மாமா சாப்பிடாமல் கிடந்தார். புக்கிட் தீமா எங்களுக்கு இரண்டு பஸ் தூரம். சனிக்கிழமை மத்தியானமே அழுக்குத் துணி மூட்டையோடு வந்து நின்றாள். ஹாஸ்டல் சாப்பாட்டில் காரமே இல்லை என்று திட்டிக்கொண்டே எங்கள் வீட்டில் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். நடைபாதைப் பெண்களெல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள்.

"ஒரு வாரம் ஆச்சே, என்ன சொல்லிக் கொடுத்தாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"எங்க, அத்தை! ஒரு வாரமா வரிசையிலதான் நிக்கிறோம். விண்ணப்பப் பாரம் எழுத ஒரு வரிசை, போட்டோ பிடிக்க ஒரு வரிசை, சோத்துக்கு ஒரு வரிசை. பாடம் திங்கக்கிழமைதான் ஆரம்பம்."

மாமா கதவில் சாய்ந்து நின்று, அவள் சொல்வது ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.